திங்கட்கிழமைகளில் ஓடாமல் இருப்பது

1

சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியின் விடுதிப் பெண்கள், ஆண்டு மலருக்காகப் பதினொரு கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பத்துக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன். பனி எப்படி இருக்கும், சோறு கிடைக்குமா, வெள்ளைக்காரப் பெண்கள் நம்மோடு ஒழுங்காகப் பேசுவார்களா என்கிற மாதிரிக் கேள்விகள். பதினொன்றாவதை யாரோ கடைசி நேரத்தில் பென்சிலால் சேர்த்திருக்கிறாள். "அக்கா, தினமும் ஃபுட்பால் மட்டுமே ஆடினா போர் அடிக்காதா?"

அதற்கு ஒரு வரியில் பதில் வரவில்லை. எழுதி எழுதி இவ்வளவு ஆகிவிட்டது.

அடிக்கும், தங்கச்சி. ஆனால் ஆடும்போது அடிக்காது. ஆடாதபோதுதான் அடிக்கும். சம்பளத்துக்கு ஆடுகிறவளுக்கு ஆடாத நேரம்தான் ஜாஸ்தி.

நான் இருப்பது ஸ்வீடனின் வடக்கே, காகித ஆலை உள்ள ஒரு சின்ன ஊர். இரண்டாம் பிரிவுப் பெண்கள் அணி. 2011 ஏப்ரலில் வந்து இறங்கியபோது மைதானத்து ஓரங்களில் என் இடுப்பளவு பனி குவித்து வைத்திருந்தார்கள். காலை ஏழரைக்கு எழுந்ததும் ஒரு தாளில் எழுத வேண்டும்: எவ்வளவு நேரம் தூங்கினேன், எடை என்ன, உடம்பு வலி பத்துக்கு எத்தனை, நேற்று என்னென்ன செய்தேன். பிறகு ஓட்ஸ் கஞ்சி. பத்து மணிக்கு ஒன்றேகால் மணி நேரப் பயிற்சி. நான் வலது ஓரத் தடுப்பாட்டக்காரி. அந்த ஓரத்தின் ஒரே இடத்தில் நின்று, ஒரே இடத்துக்கு, ஒரே மாதிரி பந்தை அடித்துக்கொண்டிருப்பேன். பிறகு வீடு. சாப்பாடு. இரண்டு மணி நேரம் கட்டாயப் படுக்கை. மாலை ஆறு மணிக்கு மொத்த அணியும் சேர்ந்து பயிற்சி.

ஏன் ஆறு மணி என்றால், மற்ற பெண்களுக்கெல்லாம் வேறு வேலை இருக்கிறது. எங்களுக்கு கோல் அடித்துத் தருகிறவள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். நடுக்களத்தில் ஆடுகிறவள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். முழுநேர ஆட்டக்காரிகள் நானும், கானா நாட்டிலிருந்து வந்த கோல்கீப்பர் அபேனாவும்தான். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஊரே எழுந்து வேலைக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருப்பது எங்கள் தொழில்.

2

ஒரு வருடம் முடிந்ததும் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. குடிவரவு அலுவலகத்தில் டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கடலூர் கலெக்டர் ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு நின்ற அனுபவம் இருந்ததால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இங்கே உட்கார நாற்காலி வேறு.

கவுண்டரில் இருந்த பெண் என் விண்ணப்பத்தையும் கிளப்பின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கிளப், வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலைன்னு எழுதியிருக்கு. நீங்க பதினாலுன்னு எழுதியிருக்கீங்க. எது சரி?"

"பதினாலு." எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பயிற்சியையும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் கூட்டித்தான் எழுதியிருந்தேன்.

"மீதி இருபத்தாறு மணி நேரம்?"

"படுத்திருப்பேன்."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

கிளப் செயலாளர் யோஹான் தலையில் கை வைத்துக்கொண்டார். "தூக்கம், ஐஸ் தண்ணி, மசாஜ், சாப்பாடு, வீடியோ பாக்கறது, எல்லாம் வேலைதான். அதுக்கும் சேத்துத்தான் உனக்குச் சம்பளம். நீயே இல்லன்னு எழுதினா நான் என்ன பண்றது?"

புதுக் கடிதம் அடித்துத் தந்தார். "ஓய்வும் என் பணியின் பகுதி" என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பட்டம் வாங்கிய கை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் கை. அந்தக் கையால் ஒரு பொய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது போல அன்று முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது.

3

உறுத்தியதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

2002-இல் நான் நெல்லிக்குப்பத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆலைக்கு வரும் கரும்பு லோடு இறக்குவார். அம்மா முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைப்பாள். இடது கை கொட்டையை வைக்கும், கால் மிதியை அழுத்தும், கத்தி இறங்கும், வலது கை பருப்பை எடுக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதேதான். அம்மாவுக்குப் போர் அடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். ஒரு நாள் அம்மாவின் வலது உள்ளங்கை முழுக்க வெந்துவிட்டது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். அதை எங்கள் தெருவில் பல வருடம் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வீட்டில் யாராவது சும்மா இருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: காய்ச்சல். நான் பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட மடியில் முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கிற முறம் இருக்கும். "சும்மா உக்காந்துனு இருக்கியா?" என்று அம்மா ஒரு தடவை கேட்டால் போதும், தரையில் குண்டூசி கிடந்த மாதிரி எழுந்துவிடுவேன்.

சிதம்பரம் வந்த பிறகும் உட்கார நேரம் இல்லை. மைதானத்துக்காகப் பையன்களோடு சண்டை, ஐந்து மணிக்கு கேட்டைத் திறக்கச் சொல்லி வார்டனோடு சண்டை, இரண்டு பேருக்கு ஒரு ஜோடி ஷூ என்று எங்களுக்குள்ளேயே சண்டை. கான்சாகிப் வாய்க்கால் ஓரமாக ஓடிவிட்டு, ஈரத்துணியோடு வகுப்பில் போய் உட்காருவோம். அப்போது ஃபுட்பால் போர் என்று யாராவது சொல்லியிருந்தால் ஜெயந்தி அவளை அடித்திருப்பாள். ஜெயந்தி எங்கள் அணியின் இடது ஓரம், என் விடுதி அறைக்காரி.

இங்கே சண்டையே இல்லை. மைதானம் எனக்காகக் காத்திருக்கிறது. ஷூ மூன்று ஜோடி. கேட்டே கிடையாது. சண்டை போட ஒன்றும் இல்லாத இடத்தில்தான் முதல் தடவையாக எனக்குப் போர் அடித்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆளும் நான்தான், போர் அடித்த முதல் ஆளும் நான்தான். இரண்டாவதை அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அதனால் திங்கட்கிழமை முழு ஓய்வு. ஓடக்கூடாது, ஜிம்முக்குப் போகக்கூடாது. மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான்.

அம்மா திங்கட்கிழமைதான் போன் பண்ணுவாள்; அவளுக்கு அன்றுதான் பக்கத்து வீட்டுப் பையனின் செல் கிடைக்கும்.

"இன்னைக்கி என்னாடி பண்ண?"

"சாப்ட்டேம்மா. தூங்கினேன்."

"அப்பறம்?"

"அப்பறம் சாப்ட்டேன்."

"இதுக்காடி ஏரோப்ளான் ஏறிப் போன?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் தைத்தது. மறு திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஏப்ரல் கடைசியிலேயே இங்கே அந்த நேரத்துக்கு விடிந்துவிடும். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கி, காட்டுப் பாதையில் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். திரும்பி வந்து குளித்தேன். தாளில் "நேற்று என்ன செய்தாய்" என்ற கட்டத்தில் மறுநாள் எழுதினேன்: ஓய்வு.

ஓடிய அன்றே அம்மாவிடம் "ஓடினேம்மா, எட்டு கிலோமீட்டர்" என்று சொன்னேன். "ம்" என்றாள். அந்த ஒரு "ம்" எனக்குப் போதுமானதாக இருந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரைக்கும் ஒரு திங்கட்கிழமையும் விடவில்லை.

அபேனாவுக்கு மட்டும் தெரியும். அவள் நன்றாகத் தூங்குகிறவள். தூக்கம்தான் தன் தொழில், கோல் தடுப்பது உபதொழில் என்பாள். ஒரு நாள் படியில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"எங்க போற?"

"சும்மா, காத்து வாங்க."

"ஷூவக் கைல எடுத்துட்டா?" கொட்டாவி விட்டாள். "கலா, நீ கிளப்புக்கு ஓடுறியா, உங்கம்மாவுக்கு ஓடுறியா?"

மீதிப் படிகளை இறங்கி ஓடினேன். அன்றைக்குத்தான் முதலில் வலித்தது. வலது காலில், ஆடுசதைக்கு முன்னால் இருக்கிற எலும்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில். தாளில் வலிக்குப் பத்துக்கு ஒன்று என்று எழுதினேன். அடுத்த வாரம் மாடிப்படி இறங்கும்போதே வலித்தது. அப்போதும் ஒன்று என்றே எழுதினேன்.

5

அந்த வாரம் ஜெயந்தி ஸ்கைப்பில் வந்தாள். அவள் இப்போது கடலூரில் போலீஸ். விளையாட்டு ஒதுக்கீட்டில் போனவள். சிதம்பரம் தேருக்கு பந்தோபஸ்து முடிந்து, பிரவுசிங் சென்டரில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்கும் லெட்டர் வந்துருக்குடி. நீ போறதுக்கு முன்னாடி போலீசுக்கு அப்ளை பண்ணியே, அதான். ஆகஸ்ட்ல சர்ட்டிபிகேட் சரிபாக்கறாங்க. நேர்ல வரணும். ஒங்கம்மா லெட்டர எடுத்துக்கினு என் ஸ்டேஷனுக்கே வந்துட்டாங்க, படிச்சிக் காட்டச் சொல்லி."

"என்னா சொன்னாங்க?"

"அழுதாங்க. சந்தோஷத்துல. ஒங்க மாமா ஊரு பூரா சொல்லிட்டாரு, கலா எஸ்.ஐ. ஆவப்போவுதுன்னு. கான்ஸ்டபிள்தான்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறாரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வந்துருடி. அங்க என்னா இருக்கு? ஓடற, தூங்கற. போர் அடிக்கல?"

"ஒனக்கு அடிக்கல?"

"எட்டு மணி நேரம் கயிறு புடிச்சினு நின்னேன் இன்னைக்கி. அடிக்காம? ஆனா இந்த வேல ரிட்டயர் ஆவற வரைக்கும் இருக்கும். ஒன் காலு எத்தன வருசத்துக்கு?"

அவளுக்கு என் கால் வலி தெரியாது. சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் மேசைக்குக் கீழே என் கை அந்த நாணயம் அளவு இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. என் ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. அடுத்த வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று கிளப் ஆகஸ்ட் கடைசியில் முடிவு செய்யும். கால் உடைந்தவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். சரிபார்ப்புக்கு நான் போகாவிட்டால் கடலூர் வேலையும் கிடையாது.

எனக்கு எது வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. நான் ஆட வேண்டும். குழப்பமெல்லாம், காலைப் பற்றி யாரிடம் வாய் திறப்பது என்பதில்தான்.

6

லேனா எங்கள் பிசியோ, அணியின் கை கால் வலிகளைப் பார்ப்பவள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். நான் நொண்டுவதை அவளே கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். எலும்பை விரலால் அழுத்தியபோது கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இது பத்துக்கு ஒண்ணா?"

"ஏழு."

ஸ்கேன் எடுத்தார்கள். விரிசல் இன்னும் விழவில்லை, விழப்போகிற நிலை. லேனா என்னுடைய மூன்று மாதத் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தாள்.

"எனக்குப் புரியல. இந்தத் தாள்ல இருக்கற வேலைக்கு இந்த எலும்பு இப்படி ஆகாது. நம்ம பயிற்சித் திட்டத்துல தப்புன்னா மத்தவங்களுக்கும் ஆகணும். சாப்பாட்டுல குறைச்சலா? இல்ல எலும்பு நோயா? ரத்தப் பரிசோதனைக்கு எழுதறேன். அதுவரைக்கும் அணியில எல்லாருக்கும் ஓட்டத்தக் குறைக்கச் சொல்லப்போறேன்."

அங்கேதான் என்னால் முடியாமல் போனது. என் பொய்யால் இருபது பேருடைய பயிற்சி மாறப்போகிறது. அவள் தன் கணக்கில் தப்பு தேடிக்கொண்டிருக்கிறாள்.

"லேனா, திங்கட்கிழமைத் தாளெல்லாம் பொய்."

"எத்தனை?"

"எல்லாமே. எட்டு கிலோமீட்டர். ஏழு வாரமா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"ஏன்?"

முந்திரிக் கம்பெனியைப் பற்றி, முறத்தைப் பற்றி, அம்மா சுற்றிக்கொண்டு போன துணியைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டேன். கதை சொல்லித் தப்பிக்கிறவள் மாதிரி இருந்தது. "நான் செஞ்சது தப்பு. சரி பண்ண என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

"எட்டு வாரம். ஓட்டம் கிடையாது, குதிக்கறது கிடையாது. நீச்சலும் சைக்கிளும் நான் சொல்ற அளவுக்கு மட்டும். ஒழுங்கா இருந்தா யோஹான்கிட்ட உன் கால் சரியாயிடும்னு எழுதித் தருவேன். ஒரு நாள் திருட்டுத்தனமா ஓடினாலும் எழுத மாட்டேன். அப்புறம் கால் முழுசா உடைஞ்சா, நீ எந்த ஊர்லயும் ஆட முடியாது."

7

எட்டு வாரம் என்றால் ஆகஸ்ட் நடுவில் முடியும். கடலூர் சரிபார்ப்பு அதற்குள் வந்து போய்விடும்; லேனாவின் கண்பார்வையை விட்டு நடுவில் ஊருக்குப் போய்வர முடியாது. அம்மாவுக்கு நானே போன் செய்தேன். கால் விஷயத்தையும், வரப்போவதில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஆடவும் மாட்ட, வரவும் மாட்ட. அங்க என்னாத்த பண்ணுவ?"

"உக்காந்திருப்பேம்மா. எட்டு வாரம். அதான் இப்ப என் வேல."

"சர்க்கார் வேலைய விட்டுட்டு உக்காந்துனு இருக்கறது ஒரு வேலயா? எவனாவது கேட்டா நான் என்னா சொல்லட்டும்?"

"இப்ப எழுந்து ஓடினா காலு உடைஞ்சிரும்மா. அப்பறம் போலீசும் கெடயாது, பந்தும் கெடயாது."

அம்மா வேறு குரலில் பேசினாள்.

"இந்தக் கைய அன்னைக்கி பத்து நாளு சும்மா வெச்சிருந்தா, இந்த ரெண்டு வெரலு இப்ப மடங்கும். தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. அந்த இரண்டு விரல்களும் பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"சரி, உக்காரு," என்றாள். "உக்காந்தா ஒழுங்கா உக்காரு. பாதியில எழுந்துக்காத. அந்தப் பொண்ணு சொல்றபடி கேளு."

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு கண்காணிப்பாளர்கள். லேனா வாரம் இரண்டு முறை பார்ப்பாள். அம்மா, யார் செல் கிடைத்தாலும் வாங்கி, தினமும் மிஸ்டு கால் கொடுப்பாள். திருப்பிக் கூப்பிட்டால், "எழுந்தியா? கடைக்கி நடந்தா போன? ஏன், அந்தக் கருப்புப் பொண்ணு வாங்கி வர மாட்டாளா?" என்று விசாரணை. "அவ பேரு அபேனா, ஒழுங்கா பேரச் சொல்லு" என்று அதட்டினேன். மறுநாளிலிருந்து "அபினா" ஆனாள்.

தங்கச்சி, நீ கேட்ட போர் இந்த எட்டு வாரத்தில்தான் முழுசாக வந்தது. ஜன்னலுக்கு எதிரே ஒரு பிர்ச் மரம். அதன் கிளைகளை எண்ணியிருக்கிறேன். அணி தோற்ற இரண்டு ஆட்டங்களையும் வலது ஓரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பதில் ஆடிய பெண்ணின் தப்புகளைப் பார்த்தேன், சரிகளையும் பார்த்தேன். கடலூரில் சரிபார்ப்பு நடந்த நாள் முழுக்க காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்று எழுந்து எங்கேயாவது ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. நான் இதுவரை செய்த வேலைகளில் அதுதான் கஷ்டமான வேலை. அதைச் செய்துமுடித்தேன் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சம் கிடையாது. தாளில் அன்றைக்கும் "ஓய்வு" என்று எழுதினேன். உண்மையாக.

எட்டாவது வாரம் முடிந்து லேனா என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். யோஹானும் கைகட்டி ஓரத்தில் நின்றிருந்தார். அடுத்த வருட முடிவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"பன்னிரண்டு நிமிஷம். மெதுவா. அதுக்கு மேல ஒரு அடி கூடாது," என்றாள் லேனா.

ஓடினேன். முதல் இரண்டு நிமிடம் பயந்து பயந்து வைத்த கால், பிறகு தானாகவே போனது. வலி இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு இன்னும் வேகமாகப் போக முடியும் என்று தெரிந்தது. பத்தாவது நிமிடத்தில் யோஹானைக் கடந்தபோது அவர் போனைப் பையில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் எவ்வளவு முடியும் என்று அவருக்குக் காட்ட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இன்னொரு சுற்று, ஒரே ஒரு வேகச் சுற்று போதும்.

கடிகாரத்தில் பன்னிரண்டு வந்தது. மைதானத்தின் தூரமான மூலையில், அவர்கள் இருவரிடமிருந்தும் வெகு தொலைவில் இருந்தேன். அங்கேயே நின்றேன். மூச்சு சீராகும் வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அவ்வளவு தூரத்தையும் நடந்தே திரும்பி வந்தேன்.